பதினோரு கோட்டை சுற்றித் திரும்பி வந்த சேதி

ஜெர்மனியில் பதினோரு கோட்டை பார்த்தேன். கூடவே ஒன்பது சர்ச். ஊரில் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். "குடுத்து வச்சவுக சார் நீங்க" என்று சொல்லிவிட்டு அவர்களும் போய்விடுகிறார்கள். கொடுத்து வைத்தவன்தான், இல்லையென்று யார் சொன்னது? ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக அவ்வளவு தூரம் பறந்து போனவன், அதைச் சொல்லாமல் கோட்டையும் சர்ச்சும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பங்கு உண்டு. பெரிய பங்கு என்னுடையது.

அந்த வாக்கியம் இதுதான். "அம்மாவுக்கு மறதி முத்திக்கிட்டு வருதுப்பா, ஒன் மொகம் தெரியிறப்பவே ஒரு தடவ வந்து கூட இருந்துட்டுப் போ."

என் மனைவிக்கு முதலில் தொலைந்தது பஸ். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒரு கண்டக்டரிடம், "இது எங்க வீட்டுக்குப் போகுமா?" என்று கேட்டிருக்கிறாள். நல்லவேளையாக அவர் தெரிந்தவர். எங்கள் ஊரான அனுமந்தன்பட்டியில் இறக்கி, வீடு வரை ஆளும் அனுப்பினார். அன்றைக்கு நான் சிரித்தேன். பிறகு குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பிறகு மகளைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், திருத்தினால் கோபப்பட்டாள். தேனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "நிறுத்த முடியாது சார், கொஞ்சம் மெதுவாக்கலாம். பழகுன முகமெல்லாம் ஒண்ணொண்ணாப் போகும். வந்து பாக்க வேண்டியவுக இப்பவே வந்துட்டா நல்லது."

மகன் ஜெர்மனிக்குப் போய் ஏழு வருஷம். அப்போதுதான் வேலை மாறியிருந்தான், அது நிலைக்கட்டும் என்று முதலில் மறைத்தேன். வீடியோவில் அவன் வரும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் அம்மாவுக்கு வார்த்தை எடுத்துக் கொடுப்பேன். வேலை நிலைத்த பிறகு மகள், "போன் போட்டு நானே சொல்லிர்றேன்" என்றாள். நான் அவளைச் சத்தம் போட்டேன். "இது போன்ல சொல்ற சேதியா? பெத்த தாய் சேதிய ஆள் போயிச் சொல்றதுதான் மொற. நான் போறேன். நீ வாயத் தொறக்காத" என்றேன். மகன் பல வருஷமாகவே வாங்கப்பா, சுத்திக் காட்டுறேன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு முட்டுவலி, குளிர் ஆகாது என்று அவனிடம் ஒரு காரணம் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் சேதியைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லி, அவளை உத்தமபாளையத்தில் மகள் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக வேலை பார்த்தவன். மயிலாடும்பாறையிலிருந்து கம்பம் வரை நான் சங்கிலி போடாத வரப்பு குறைவு. வேலிக்கல்லை நகர்த்தியவன், நகர்த்தப்பட்டவன், அண்ணன் பாகத்தில் ஒரு முழம் கூடிவிட்டது என்று தூங்காமல் கிடந்தவன், எல்லோரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். வந்ததும் எவரும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். மழை, அணைத் தண்ணீர், யார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி, காப்பியையும் குடித்து முடித்த பிறகு நான் கேட்க வேண்டும். "அப்புறம், என்ன சோலியா வந்தீக?" "சோலியெல்லாம் ஒண்ணுமில்ல சார், சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்பார்கள். அதை நம்பி நான் எழுந்து உள்ளே போய்விட்டால் என்னைப்போல் மரியாதை கெட்டவன் கிடையாது. கொஞ்ச நேரம் பொறுத்து, "அட, சொல்லுங்க" என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். அப்போதுதான் பத்திரம் மஞ்சப்பையை விட்டு வெளியே வரும். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்பதுதான் உண்மையில் கேட்பது. முதல் கேள்விக்கே கொட்டிவிடுகிறவனைக் காரியக்காரன் என்று பின்னால் பேசுவார்கள்.

என் மகன் இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினான். அதனால் அவன் கேட்பான், நான் சும்மாதான் என்பேன், மறுபடி கேட்பான், நான் சொல்வேன் என்று விமானத்திலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

போன அன்றைக்கு அவன் கேட்கவில்லை. அலுப்பாக வந்திருக்கிறாரே என்று விட்டிருப்பான் என நினைத்தேன். மறுநாள் காலையில் போனை நீட்டி ஒரு பட்டியலைக் காட்டினான். முழுக்க முழுக்கக் கோட்டை, நடுநடுவே சர்ச். என்னை ஊர் சுற்றிக் காட்டப் பத்து நாள் லீவு போட்டிருந்தான். மருமகளுக்கு ஆஸ்பத்திரி வேலை, அவள் வர முடியாது. காலையில் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். அப்பனும் மகனும் மட்டும் காரில். சேதி சொல்ல இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட வந்தது.

ஆனால் காருக்குள் ஒரு பெண் இருந்தாள். வழி சொல்கிற பெண். நான் தொண்டையைச் செருமினாலே அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். மகன் ஒரு கையைத் தூக்கி, "இருங்கப்பா, திருப்பத்த விட்டுருவோம்" என்பான். திருப்பம் முடிந்தால் கோட்டை வந்துவிடும்.

அது ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆறு ஒரு வளைவு வளைந்தால் மலைமேல் ஒரு கோட்டை நிற்கும். இரண்டு கரையிலும் ரயில் ஓடுகிறது, நடுவில் சரக்குக் கப்பல் போகிறது, சரிவு முழுக்கத் திராட்சை. நம் ஊர்ப் பந்தல் மாதிரி இல்லை, குச்சிக்குக் குச்சி தனித்தனியாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சீமான்கள் ஆற்றில் போகிற படகை மறித்து வரி வாங்கத்தான் பாதிக் கோட்டையைக் கட்டினார்களாம். நம் குமுளி ரோட்டு செக்போஸ்ட்தான், கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கோட்டையிலும் மகன் போனைப் பார்த்து வாசிப்பான். எந்தப் பிரபு கட்டினான், எந்தப் படை வந்து இடித்தது, எந்த ராஜா ஆசைப்பட்டுத் திரும்பக் கட்டினான் என்று எல்லாம் இருந்தது. "இம்புட்டுக் கல்லையும் மேல சுமந்தது யாருன்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, "அது போடலப்பா" என்றான். நான் சிரித்தேன். எனக்கு முட்டி விட்டுப்போயிருந்தது, அதற்குமேல் பேச மூச்சில்லை.

அவன் சந்தோஷமாக இருந்தான், அதையும் சொல்ல வேண்டும். சுவரைத் தட்டிக் காட்டுவான். அம்பு விடுகிற இடுக்கு வழியாகத் தலையை நீட்டி ஆற்றைப் பார்க்கச் சொல்வான். என்னை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தான். ஒரு மகன் அப்பனுக்கு இவ்வளவு செய்தால் கொண்டாட வேண்டும். எனக்கோ நாளுக்கு நாள் கசந்துகொண்டே வந்தது. இந்தச் சுவர் ஒவ்வொன்றையும் விசாரிக்கத் தெரிந்தவனுக்கு, கூட நடக்கிற மனுஷனிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று உள்ளே புகைந்தது.

நாலாவது கோட்டை உச்சியில் அவன் ஊருக்கு வீடியோ போட்டான். மகள் போனைப் பிடித்துக்கொண்டிருக்க, என் மனைவி தலைசீவிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "குளிருதா?" என்று கேட்டாள். "ஒடம்பப் பாத்துக்க" என்றாள். யாரைப் பார்த்து வேண்டுமானாலும் சொல்லக்கூடிய மூன்று சொல். அவனுக்கு அது போதுமாக இருந்தது. போனை வைத்துவிட்டு, "அம்மா நல்லா இருக்காகல்ல?" என்றான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் பழைய சர்ச்சுக்குள் ஒதுங்கினோம். எங்கள் ஊர் சர்ச்சுக்குத் திருவிழாவுக்குப் போனால் செருப்பை வெளியே விட்டுத்தான் போவோம். அந்தப் பழக்கத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டேன். "இங்கன அதெல்லாம் வேணாம்பா, போட்டுக்கங்க, குளிரும்" என்றான். நான் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். ஆள் படுத்திருக்கிற மாதிரியே செதுக்கி வைத்திருக்கிறார்கள், நடந்து நடந்து மூக்கும் வாயும் தேய்ந்து போயிருந்தது. செத்தவன் மேல் ஷூ போட்டு நடக்க எனக்கு மனம் வரவில்லை. சுவரோரம் ஒரு பிரபுவும் அவன் பெண்டாட்டியும் கல்லாகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். அந்தம்மாள் முகம் தேயாமல் இருந்தது. நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். வேறு யாரும் இல்லை. காருக்குள் பேசுகிற பெண்ணும் இல்லை. மகன் போனைப் பைக்குள் போட்டான். கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, வந்ததுலருந்து ஒரு மாதிரியா இருக்கீக. ஏதாச்சும் சொல்லணுமா?"

கேட்டுவிட்டான். ஆறு நாளாகக் காத்திருந்த கேள்வி. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் முப்பத்திரண்டு வருஷமாக என் வாசலில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைதான் என் வாயிலிருந்து வந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. சும்மா ஒன்னையப் பாக்கத்தான வந்தேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த கேள்வி இப்போது வரும் என்று நினைத்தேன். தொண்டையில் வாக்கியம் தயாராக நின்றது. உள்ளங்கால் இரண்டும் விறைத்துக்கொண்டிருந்தது. அவன் மூச்சை ஒரு தடவை நீளமாக விட்டான்.

"அப்பச் சரிப்பா. நான் பயந்தே போயிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தான். எழுந்துபோய் ஒரு கண்ணாடி ஜன்னலுக்கடியில் நின்றுகொண்டு, "இங்க வாங்க, இந்தச் செவப்பு இருக்கே, இந்த நெறத்த இப்ப யாராலயும் கொண்டார முடியாதாம்" என்றான்.

நான் எழுந்து போய் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். நல்ல சிவப்புதான். அவன் விட்ட மூச்சு இன்னும் என் காதில் இருந்தது. அது நிம்மதி. என்ன விஷயம் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது, கேட்டால் வந்துவிடும் என்றும் தெரிந்திருக்கிறது. நான் சும்மா என்றதும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிட்டான். கோட்டையும் சர்ச்சுமாக அடுக்கி வைத்ததே உட்கார்ந்து பேச நேரம் வராமல் பார்த்துக்கொள்ளத்தானோ என்று எனக்கு அங்கேயே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் நியாயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் போகவும் இல்லை.

மிச்ச நாட்களில் நான் செய்ததெல்லாம் அசிங்கம். நேராகச் சொல்வதற்குப் பதில் ஜாடை காட்டினேன். படியேறும்போது வேண்டுமென்றே பெருமூச்சு விட்டேன். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஏழாவது கோட்டைச் சமையல்கட்டில் பெரிய அண்டாவைப் பார்த்துவிட்டு, "ஒங்கம்மா இப்பல்லாம் கொழம்புக்கு ரெண்டு தடவ உப்புப் போடுறா" என்றேன். "வயசாகுதுல்லப்பா" என்று சிரித்தான். ஒன்பதாவதில் பாதாளச் சிறை ஒன்று இருந்தது. கயிறு கட்டி உள்ளே இறக்கிவிட்டால் அவ்வளவுதான், மறந்துவிடுவார்களாம். "மறந்துருவாகளா?" என்று சத்தமாகக் கேட்டேன். "ஆமாப்பா, அப்படித்தான் போட்டிருக்கு" என்றான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏலே, ஒன் அம்மாவும் ஒன்னைய மறந்துக்கிட்டு இருக்காடா என்று அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அவன் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்காதவனிடம் போய் நானாகச் சொல்வதா? பெண்டாட்டி முகங்களை மறந்துகொண்டிருக்கிறாள், நான் மரியாதை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது, பதினோராவது கோட்டை எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "அடுத்த தடவ அம்மாவையும் கூட்டிட்டு வாங்கப்பா" என்றான். "சரிப்பா" என்றேன். கடைசி வாய்ப்பையும் அந்த ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மகள் வீட்டில் பெட்டியை இறக்குவதற்கு முன்னாலேயே மகள் தனியாகக் கூப்பிட்டாள். "சொன்னீகளா?"

"அவன் கேக்கல" என்றேன்.

"கேக்கலையா? நீங்க மகனப் பாக்கப் போனீகளா, இல்ல அளவைக்கு வந்த ஆளு மாதிரி வாசல்ல ஒக்காரப் போனீகளா?" என்று கையிலிருந்த துணியை விசிறி அடித்தாள். அன்றைக்கே அவனுக்குப் போன் போடுகிறேன் என்றாள். நான் விடவில்லை. நாங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் அவனாகக் கேட்பான், இல்லாவிட்டால் நான் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லித் தடுத்தேன். கடிதத்தை நாலைந்து தடவை ஆரம்பித்தேன். நலம், நலமறிய ஆவல் என்பதைத் தாண்டவில்லை. அப்படியே ஏழெட்டு மாதம் ஓடிப்போனது. அந்த மாதங்களில் என் மனைவி பக்கத்து வீட்டை மறந்தாள், தெருவை மறந்தாள், ஒருநாள் காலையில் என்னிடமே, "வீட்டுக்காரர் எங்க போயிருக்காக?" என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்து அழுதாள். நானும் அழுதேன்.

கடைசியில் மகள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகன், "அம்மா" என்று கூப்பிட, அவள் போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு யாரு, எதுக்கு என்னைய அம்மாங்கிறாரு?" என்று மகளிடம் கேட்டாள். அதற்குப் பிறகு மறைக்க எதுவும் மிச்சமில்லை. மகள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள். ஐந்தாம் நாள் அவன் வந்து இறங்கினான்.

வாசலில் என்னைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏம்ப்பா அங்கன சொல்லல? நான் கேட்டேன்ல? சர்ச்சுல வச்சுக் கேட்டேன்ல?"

"ஒரு தடவதானப்பா கேட்ட" என்றேன்.

"எத்தன தடவப்பா கேக்கணும்?"

அவன் உள்ளே போனான், பின்னாலேயே நானும் போனேன்.

என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கைக்கு மறதி கிடையாது, விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வந்ததைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க தம்பி, இங்கன ஒக்காருங்க. எந்த ஊர்லருந்து வாரீக?"

அவன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஜெர்மனிலருந்தும்மா" என்றான்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஜெர்மனியா? எம் மகனும் அங்கனதான் இருக்கான். அவனத் தெரியுமா ஒங்களுக்கு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"தெரியும்மா" என்றான் அவன்.

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

அவள் அவன் பக்கத்தில் வந்து, என்னைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "இவுக அங்க போயி, எனக்கு இப்படின்னு அவன்கிட்ட எல்லாஞ் சொல்லிட்டு வந்துருக்காக. கேட்ட ஒடனே கெளம்பிட்டான் எம் பிள்ள. இந்தா வந்துக்கிட்டே இருக்கான். சித்த இருங்க தம்பி, வந்ததும் பாத்துட்டுப் போலாம்."

ஜெர்மனியிலிருந்து நான் திரும்பி வந்த அன்று, மகள் துணியை விசிறி அடித்துவிட்டுப் போன பிறகு, இவள் என்னிடம் கேட்டாள், பிள்ளையிடம் சொன்னீர்களா என்று. "சொன்னேன், பொறப்பட்டு வாரான்" என்று அவளிடம் சொன்னேன். எப்படியும் மறந்துவிடுவாள் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். வீட்டை மறந்தாள், தெருவை மறந்தாள், பெற்ற பிள்ளை முகத்தை மறந்தாள். நான் சொன்னதை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாள்.

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கட்டிலில் இருந்த அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.